ஹோம்ஸுக்குப் போகும் மாஸினைப் பார்க்க லோறன்ஸ் வீதிக்கு

சிரியாவில் ஆட்சி விழுந்து ஒரு வருடத்துக்கு மேலான பிறகு, மாஸின் தன் ஊரான ஹோம்ஸுக்குத் திரும்பப் போவதாகச் சொன்னார். மனைவி, இரண்டு பிள்ளைகள் எல்லாரோடும், ஒரேயடியாக. பொதிசெய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஏழு வருடம் எனக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவர். போன சனிக்கிழமை நானும் மனைவி வசந்தியும் அவரைப் பார்க்கப் போனோம். உண்மையைச் சொன்னால், நான் போனது அவரை மறிக்கத்தான்.

புலம்பெயர்ந்து வந்து நாங்கள் இருக்கும் அஜின்கோர்ட்டில் காலை 9.40க்கு 43ஆம் இலக்க பஸ். கென்னடி வீதியால் தெற்கே நாலு கிலோமீற்றர். லோறன்ஸில் இறங்கி மேற்கே போகும் 54ஐ எடுத்தோம். பயண அட்டையைத் தட்டினால் ஆளுக்கு 3.30 டொலர்; இரண்டு மணித்தியாலத்துக்குள் பஸ் மாறினால் மேலதிகக் காசில்லை. வோர்டன் சந்தி தாண்டியதும் கடைப் பலகைகளில் அரபு எழுத்துத் தொடங்கும். (காரில் போன காலத்தில் நான் இதைக் கவனித்ததே இல்லை.)

பஸ்ஸில் வசந்தி மெதுவாகச் சொன்னாள்: “அந்த மனுசனைக் குழப்பாதேங்கோ. சமாதான காலத்திலை நீங்கள் போகேக்கை ஆர் மறிச்சது?”

2002. எங்கள் ஊரில் போர்நிறுத்தம் வந்து, வடக்கே போகும் ஏ9 பாதை திறந்த வருடம். ஓமந்தைச் சோதனைச் சாவடி வரிசையில் முன்பின் தெரியாதவர்கள் பிஸ்கட் பகிர்ந்து சாப்பிட்டார்கள். கிளிநொச்சியில் அண்ணை புதிதாகக் கடை கட்டிக்கொண்டிருந்தார். ஈரச் சீமெந்தில் பெயரை எழுதிவிட்டு, இனிச் சண்டை வராது என்றார். நானும் நம்பினேன். ஊரில் நின்ற அந்த மூன்று கிழமையைப் போல இன்னொரு காலம் எனக்கு வாய்க்கவில்லை. நாலு வருடத்தில் போர் திரும்பியது. அண்ணை அதிலிருந்து உயிரோடு வெளியே வரவில்லை.

மாஸின் அங்கே ஒரு அரபுப் பேக்கரியின் வாசலில் காத்திருந்தார். சஃதர் என்ற மூலிகைத் தூள் தூவிய சூடான ரொட்டியும் தேநீரும் வந்தன. ஹோம்ஸிலிருந்து தன் தம்பி அனுப்பிய படத்தைக் காட்டினார்: வீட்டுக்குக் கூரையில்லை, படிக்கட்டு நிற்கிறது. சில இடங்களில் இன்னும் சுடுகிறார்கள் என்பதை அவரே சொன்னார். வீடு கட்டிவிடலாம், அடுத்த தெருக்காரரும் தாங்களும் மறுபடி ஒருவரையொருவர் நம்புவோமா என்பதுதான் தெரியவில்லை என்றார்.

நான் அண்ணையின் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, எங்களுக்குப் பொதுவான உடைந்த ஆங்கிலத்தில் கேட்டார்: “அப்போது போனதற்காக வருந்துகிறீர்களா?”

“இல்லை,” என்றேன். “அண்ணையை நான் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.”

மாஸின் என் கையைப் பிடித்தபடி இருந்தார். வசந்தி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இந்தப் பக்கம் போகிறவர்கள் பதினொரு மணிக்கு முன் போங்கள். பிறகு ரொட்டிக்கு வரிசை நீளும். ஊர் திரும்பும் ஒருவரைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் பின்னேரத்துக்கு வேறு வேலை வைக்காதீர்கள். ஒரு மணித்தியாலம் என்று போன நாங்கள் மூன்றரைக்குத்தான் எழும்பினோம்.

செவ்வாய்க்கிழமை மாஸின் எனக்குத் தொலைபேசி எடுத்தார். முதலில் தான் மட்டும் மூன்று மாதம் போய்ப் பார்க்கப்போவதாகச் சொன்னார். அந்த மூன்று மாதமும் சனிக்கிழமைகளில் தன் பிள்ளைகளை வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார்.

ஓம் என்றேன்.