ஈஸ்ட்டுக்குச் சத்தம் போடாதவர்

டோர்கெய்ர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். பின்னால் பிள்ளைகள் பஸ்ஸையே தலைகீழாக்கினாலும், "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க கண்ணுங்களா" என்று அவர் சொல்வது முதல் சீட்டுக்குக்கூடக் கேட்காது. வோஸ் என்னும் எங்கள் மலையூர்ப் பக்கத்தில் யாருமே தொண்டையைத் திறந்து பேசுகிறவர்கள் இல்லை. சர்ச்சில் பாட்டுக்கூட முணுமுணுப்புத்தான். அப்பேர்ப்பட்ட ஊரிலேயே, "இந்த மனுஷன் வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கேட்க வைத்தவர் அவர். நான் பக்கத்து வீட்டுக்காரி, அவர் 'குட் மார்னிங்' சொல்வதை உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.

அவர் மனைவி ஓஸ்னே நேரெதிர். நானும் அவளும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அவள் மலைச்சரிவில் ஆட்டைக் கூப்பிட்டால் என் வீட்டுச் சமையலறையில் தட்டு அதிரும். வருஷா வருஷம் இலையுதிர் காலத்தில் அவள்தான் கிறிஸ்துமஸுக்கு பியர் காய்ச்சுவாள். வீட்டுக்குப் பின்னால் அதற்கென்றே ஓர் அடுப்புக் கொட்டகை, செப்பு அண்டா, மரத்தொட்டி, பீப்பாய் எல்லாம் உண்டு. என் வீட்டில் கடை பியர்தான். அதற்காக நான் வெட்கப்பட்டதில்லை. ஓஸ்னே பக்கத்து வீட்டில் இருக்கும்போது எனக்கு எதற்கு அந்த வேலை?

எங்கள் பக்கத்தில் பியர் காய்ச்சுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பார்லிச் சாறு காய்ச்சி ஆறியதும் அதில் ஈஸ்ட்டைப் போடுவார்கள். போடுகிற அந்த நொடியில் அடிவயிற்றிலிருந்து ஒரு கூச்சல் போட வேண்டும். போட்டால்தான் ஈஸ்ட் வீறுகொண்டு பொங்கும் என்பது நம்பிக்கை. வருஷம் முழுக்க வாயைப் பொத்திக்கொண்டிருக்கும் ஊர் அந்த ஒரு நொடிக்கு மட்டும் பேய் பிடித்த மாதிரி கத்தும். எனக்கு இது சின்ன வயதிலிருந்தே தீராத சந்தேகம்.

"ஏண்டி, கத்தாமப் போட்டா பொங்காதா?" என்று ஒருமுறை ஓஸ்னேயிடம் கேட்டேன்.

"யாருக்குடி தெரியும்? இதுவரைக்கும் எவனும் கத்தாமப் போட்டுப் பாத்ததில்ல. அந்தத் தைரியம் யாருக்கு இருக்கு?" என்றாள்.

அவளுக்கு ஏப்ரலில் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு போய்விட்டது. நாம் பேசுவது எல்லாம் அவளுக்குப் புரியும், வாயிலிருந்து ஒரு சத்தம்கூட வராது. பேச்சு திரும்பினாலும் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் வாரம் தவறாமல் வந்து, பூனைப் படத்தைக் காட்டி, "இது என்ன, சொல்லுங்க பாப்போம்" என்பாள். ஓஸ்னே முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வாள். பூனையையும் பார்க்கமாட்டாள், எங்களையும் பார்க்கமாட்டாள். அந்தச் சுவரை நான் எவ்வளவு வெறுத்தேன் என்று சொல்லி முடியாது.

கோடையில் டோர்கெய்ர் ஒரு காரியம் செய்தார். கடையில் டின்னில் விற்கும் பார்லிப் பாகை வாங்கி, தண்ணீரில் கரைத்து, அதோடு வந்த ஈஸ்ட்டைத் தூவி, நிலவறையில் வைத்து ஒரு பியர் செய்தார். அதை ஒரு கிண்ணத்தில் ஊற்றி மனைவியிடம் நீட்டினார். அவள் ஒரு வாய் வைத்தாள். அப்புறம் இடது கையால் கிண்ணத்தை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, மிச்சத்தை ருபார்ப் செடிமேல் கவிழ்த்தாள். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். டோர்கெய்ர் கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், மனிதர் முகம் விளக்கேற்றின மாதிரி இருந்தது.

"பாத்தியா யோருன்?" என்று வாசல்வரை வந்து என்னிடம் கிசுகிசுத்தார். "அவ மூஞ்சியில கோவம் பாத்தியா? ஏப்ரலுக்கு அப்புறம் அந்த மூஞ்சியில நான் எதையாச்சும் பாத்தது இன்னிக்குத்தான்."

"அது என்னப்பா அவ்வளவு சந்தோஷம்?"

"கோவப்படணும்னா உள்ள ஆள் இருக்கணும் இல்ல?"

அவர் பயந்துகொண்டிருந்தது அதற்குத்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேச்சு போனதுகூட இல்லை, பேச வேண்டும் என்ற ஆசையே அவளுக்குப் போய்விட்டதோ என்று.

இலையுதிர் காலம் வந்ததும், "பார்லியிலிருந்தே காய்ச்சப்போறேன்" என்று அறிவித்தார். அறிவித்தார் என்றால், சொன்னார். எனக்குப் பாதிதான் கேட்டது.

"அவ எப்படிச் செய்வான்னு நீ எப்பவாச்சும் பாத்திருக்கியாப்பா?" என்று கேட்டேன்.

"வெறகு கொண்டாருவேன். தண்ணி கொண்டாருவேன். அப்புறம் போன்னு சொல்லுவா. போயிருவேன்."

"கல்யாணம் ஆனதுலேர்ந்தா?"

"போன்னா போகணும் இல்ல?"

தெரிந்தவளுக்குப் பேச்சில்லை, பேச்சுள்ளவருக்குத் தெரியவில்லை. இப்படி ஒரு ஜோடி பியர் காய்ச்சும் வேடிக்கையை நான் விடுவேனா? காலையிலேயே அவர்கள் கொட்டகையில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஓஸ்னேயின் தம்பி ஒட்முன்னும் வந்துவிட்டான். அவனும் அவன் வீட்டில் காய்ச்சுகிறவன்தான். ஆனால் உதவி செய்ய வந்த ஆள் மாதிரி தெரியவில்லை, நாடகம் பார்க்க வந்த ஆள் மாதிரி கம்பளி விரித்து உட்கார்ந்தான்.

"ஒட்முன், நீ ஒரு வார்த்தை சொல்லிக் குடுக்கக் கூடாது" என்றார் டோர்கெய்ர்.

"நான் ஏன் மச்சான் சொல்றேன்? அக்கா செய்யற மாதிரி நான் செஞ்சா அவ என்னைக் கொன்னுருவா. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு வழி."

டோர்கெய்ர் ஓஸ்னேயைச் சக்கர நாற்காலியோடு உள்ளே கொண்டுவந்து, மரத்தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். கம்பளியைப் போர்த்தினார், கைத்தடியை இடது கையில் கொடுத்தார். அவள் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பினாள். கொட்டகைச் சுவரும் சுவர்தானே.

அவர் அடுப்பை மூட்டி, அண்டாவில் தண்ணீரைச் சுடவைத்தார். முளைகட்டி, காயவைத்து, ஒன்றிரண்டாக உடைத்த பார்லி மூட்டையைத் தூக்கித் தொட்டியில் கொட்டப் போனார். டக்! கைத்தடி தரையில் விழுந்த சத்தம் இல்லை அது, தட்டின சத்தம். நாங்கள் மூவரும் திரும்பினோம். ஓஸ்னே சுவரைப் பார்க்கவில்லை. தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தடியால் கதவைக் காட்டினாள்.

"போகச் சொல்றியா?" என்று டோர்கெய்ர் கேட்டார், பழக்க தோஷத்தில்.

இல்லை என்று தலையாட்டினாள். அவர் வெளியே ஓடித் துடைப்பத்தைக் கொண்டுவந்தார். இல்லை. பூட்ஸைக் கொண்டுவந்தார். இல்லை. நாயைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒட்முன் கம்பளியில் புரண்டு புரண்டு சிரித்தான். எனக்குப் பொறுக்கவில்லை. "ஏம்ப்பா, கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு? மலை இருக்கு. மலையில என்ன இருக்கு?" என்றேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. அரிவாளோடு போய், ஜூனிப்பர் புதரிலிருந்து ஒரு சுமை கிளை வெட்டிக்கொண்டு வந்தார்.

பாதிக் கிளை கொதிக்கும் தண்ணீருக்கு, வாசனைக்காக. மீதியைத் தொட்டியின் அடியில் பரப்ப வேண்டும். இல்லாவிட்டால் பார்லி களியாகப் படிந்து குழாயை அடைத்துக்கொள்ளும், ஒரு சொட்டு இறங்காது. இதெல்லாம் தடியின் தட்டலிலிருந்தும் தலையாட்டலிலிருந்தும் நாங்கள் கற்றுக்கொண்டது. ஒட்முன் மட்டும் தனக்கு எல்லாம் தெரியும் என்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தான். அவனை உதைக்கலாம் போல இருந்தது.

பார்லி வெந்நீரில் ஊறிக்கொண்டிருந்தபோது நான் விரலை விட்டு நக்கிப் பார்த்தேன். முதலில் வெறும் மாவுக்கஞ்சி. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி நக்கினால் இனிக்கிறது! யாரும் ஒரு துளி சர்க்கரை போடவில்லை. இத்தனை வருஷம் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு இந்த அதிசயத்தைப் பார்க்காமல் போனேனே என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. நான் மறுபடியும் மறுபடியும் நக்க, ஓஸ்னே தடியால் என் மணிக்கட்டில் ஒன்று வைத்தாள்.

"வலிக்குதுடி!" என்றேன். வலித்தது. எனக்கு ஆனந்தமாகவும் இருந்தது.

குழாயின் அடைப்பைத் திறந்தபோது டோர்கெய்ருக்கும் ஒன்று கிடைத்தது. அவர் ஆறு மாதிரி திறந்துவிட்டார். நூல் மாதிரி இறங்க வேண்டுமாம். சாறு இறங்கி முடிய மதியமாகிவிட்டது. அதை அண்டாவில் ஊற்றி, கசப்புக்காக ஹாப்ஸ் பூவைப் போட்டு, செக்கச் சிவக்கச் சுண்டக் காய்ச்சினார். சக்கையை ஆடுகளுக்குப் போட்டோம். கொட்டகை முழுக்க ரொட்டி வாசனையும் ஜூனிப்பர் வாசனையும் கலந்து, பசியைக் கிளப்பிவிட்டது. டோர்கெய்ர் ஆட்டிறைச்சியும் ரொட்டியும் கொண்டுவந்தார். ஓஸ்னே தானே எடுத்துச் சாப்பிட்டாள். கண் மட்டும் அண்டாவை விடவில்லை.

காய்ச்சினதை ஆறவைக்கும்போதுதான் சிக்கல் வந்தது. சாற்றைப் பால் கேன்களில் ஊற்றி, ஓடைத் தண்ணீரில் இறக்கி வைத்தார் டோர்கெய்ர். ஓஸ்னே உள்ளே டக் டக் என்று தட்டுவது ஓடைச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. நான் போய், "கூப்பிடறாப்பா" என்றேன். "இன்னும் குளிரணும் யோருன், டின்மேல அப்படித்தான் போட்டிருந்துச்சு" என்றார். நன்றாகக் குளிர்ந்த பிறகே கொண்டுவந்து பீப்பாயில் ஊற்றினார். அப்புறம் ஃப்ரீசரில் ஓஸ்னே உலர்த்திச் சேமித்து வைத்திருந்த ஈஸ்ட் செதில்களை எடுத்து வந்தார். போடக் கை ஓங்கினார்.

ஓஸ்னே இடது கையை முழங்கைவரை பீப்பாய்க்குள் விட்டாள். எடுத்தாள். ஈரம் சொட்டச் சொட்ட அந்தக் கையை டோர்கெய்ரின் பிடரியில் அப்பினாள். மனிதர் துள்ளிவிட்டார்.

"ஐயோ, ஜில்லுன்னு இருக்கு!"

ஆமாம் என்று அவள் தலையாட்டினாள். தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். உடம்புச் சூடு இருக்க வேண்டும். இந்த ஈஸ்ட் அந்தச் சூட்டுக்குப் பழகினது. டின் ஈஸ்ட்டின் சட்டம் இதற்குச் செல்லாது. டோர்கெய்ர் பாதிச் சாற்றை மறுபடி அண்டாவில் ஊற்றிச் சூடாக்கிக் கலந்தார். அவள் முழங்கையை விட்டுப் பார்த்து, சரி என்றாள்.

"மச்சான், இனிமேதான் பரீட்சை" என்றான் ஒட்முன். "ஈஸ்ட்டுக்குக் காது கொஞ்சம் மந்தம், தெரியுமில்ல? வேணும்னா நான் கத்தறேன்."

"வேணாம். இந்த வீட்டு ஆள்தான் கத்தணும்" என்றார் டோர்கெய்ர். கன்னம் சிவந்துவிட்டது. செதில்களைத் தூவினார், மூச்சை இழுத்தார், வாயைத் திறந்தார்.

"ஹோ" என்றார்.

சர்ச்சில் பக்கத்து ஆளிடம் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்வது போல இருந்தது. நாய்கூடக் காதைத் தூக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடி முயன்றார். "ஹோ... ஹோய்." குரல் கீறிக்கொண்டு நின்றது. ஓஸ்னே அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கழுத்து நரம்பு புடைத்தது. இழுத்திருந்த வாய் இன்னும் கோணியது. அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல் போன மாதிரி ஒரு கூச்சல் வெளியே வந்தது. ஏப்ரலுக்கு முன்னால் நான் கேட்ட அதே கூச்சல். வெளியே ஆடுகள் கலைந்து ஓடின, நாய் மேஜைக்கடியில் போய்ப் புகுந்துகொண்டது. கூச்சல் முடிந்ததும் அவள் மூச்சு வாங்கினாள், புருஷனைப் பார்த்தாள், தெளிவாகச் சொன்னாள்:

"சனியனே!"

டோர்கெய்ர் பீப்பாயைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். எதற்குமே கண் கலங்காத ஒட்முன் எழுந்து வெளியே போய், ஆட்டைப் பிடிக்கிறேன் என்று சாக்குச் சொன்னான். பேச்சுப் பயிற்சிப் பெண்ணுக்குப் போன் செய்தபோது, திட்டும் கூச்சலும் மூளையில் வேறு வழியாக வரும், அதை மட்டும் வைத்து ரொம்ப எதிர்பார்க்காதீர்கள் என்றாள். அவள் சொன்னது சரிதான். அதற்கப்புறம் பல நாள் அந்த ஒரு வார்த்தைதான் வந்தது. ஆனால் பூனைப் படத்தைக் காட்டினபோது ஓஸ்னே சுவர் பக்கம் திரும்பவில்லை. பூனையைப் பார்த்து, "சனியனே" என்றாள்.

ஈஸ்ட் அன்றைக்குச் சாயங்காலமே பீப்பாய் விளிம்புவரை பொங்கிவிட்டது. சூட்டாலா, சத்தத்தாலா? என் சந்தேகம் இன்னும் தீரவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்து தொலைத்துவிட்டது.

பீப்பாயைத் திறக்கும் நாளில் நாங்கள் எல்லோரும் கூடினோம். பியர் கொஞ்சம் கசப்பு. டோர்கெய்ர் ஹாப்ஸ் பூவை அள்ளிப் போட்டிருந்தார். முதல் கிண்ணத்தை ஓஸ்னேயிடம் கொடுத்துவிட்டு, பக்கத்திலிருந்த ஜன்னலை அவரே திறந்து வைத்தார். அவள் ஒரு வாய் குடித்தாள், நிறுத்தினாள், மிச்சத்தை மடமடவென்று குடித்து முடித்தாள். காலிக் கிண்ணத்தை அவரிடம் நீட்டினாள். வாய் திறந்து, மூடி, மறுபடி திறந்தது.

"இன்... இன்னும்."

கடைசி மூலையில் நின்ற எனக்கே தெளிவாகக் கேட்டது. டோர்கெய்ர் கிண்ணத்தை வாங்கவில்லை. குனிந்து, காதை அவள் வாயருகே கொண்டுபோனார்.

"கேக்கல" என்றார்.

"இன்னும்" என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"கேக்கலம்மா."

"இன்னும்!"

கிண்ணத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைக்காமல் அப்படியே நின்று, மறுபடியும் "கேக்கல" என்றார்.