ஏற்கெனவே திறந்திருந்த புட்டிகள்

பந்தல் அண்ணன் எடுத்து வைத்த ஐரிஷ் விஸ்கிப் புட்டிகளில் ஒன்றுகூட சீல் உடையாமல் எங்கள் கண்ணில் பட்டதில்லை. இதை முதலில் கவனித்தவர் என் எதிர் வீட்டுக்காரர்.

நாங்கள் இருவரும் அயனம்பாக்கம் ஏரியை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரே தளத்தில் இருக்கிறோம். நான் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து மென்பொருள் கம்பெனியில் காலம் தள்ளுகிறவன். அவர் கோயம்புத்தூர்க்காரர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பெயிண்ட் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் நம்புவார், பால் பாக்கெட்டைக்கூட.

பந்தல் அண்ணன் அயனம்பாக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். அவர்களுடைய நிலமெல்லாம் மனைகளாகிவிட்டன. மிச்சமிருந்த இடத்தில் தகரக் கூரை போட்டு, சாமியானா, நாற்காலி, பிரியாணி அண்டா என்று வாடகைக்கு விட்டார். கூடவே கல்யாணங்களுக்கு பிரியாணி ஆர்டரும் எடுத்தார். தம் எப்போது உடைக்க வேண்டும் என்பதை அவர் அடுப்புப் பக்கம் போகாமலே, மூக்கை வைத்தே சொல்லிவிடுவார் என்று எங்கள் குடியிருப்பு முழுவதும் பேச்சு. எங்கள் பொங்கல் விழாவுக்கு அவர் நாற்காலி இறக்க வந்தபோதுதான் பழக்கம். அலுவலக வேலையாக ஒரு குளிர்காலம் முழுக்க அயர்லாந்தில் இருந்தேன் என்றும், அந்த ஊர் விஸ்கி எப்படி இருக்கும் என்றும் ஏதோ பேச்சில் சொன்னேன். கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்துவிட்டார்.

“அயர்லாந்தா? என் தங்கச்சி அங்கதான் நர்சா கீது மச்சான். யாரு ஊருக்கு வந்தாலும் ஒரு பாட்டில் குடுத்து அனுப்புது. எனுக்கு இன்னா தெரியும் அதப்பத்தி? நீ ஞாயித்துக்கெழம குடோனுக்கு வா. குடிச்சிட்டு எப்டி கீதுன்னு நீ சொல்லு.”

தனியாகப் போகக் கூச்சப்பட்டு எதிர் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போனேன். அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள் ஆரம்பித்தன. குவித்து வைத்த நாற்காலிகளுக்கும் கவிழ்த்து வைத்த அண்டாக்களுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் மேசை, அதன்மேல் இரண்டு புட்டிகள். ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுக் குடிப்பதுதான் ஏற்பாடு. ஐஸ் கிடையாது, சோடா கிடையாது. வேண்டுமானால் சில சொட்டுத் தண்ணீர்.

ஐரிஷ் விஸ்கியைப் பெரும்பாலும் மூன்று தடவை வடிப்பார்கள். அதனால் தொண்டையில் பிராண்டாது. சாதாரணக் கலவை வகையில் பச்சை ஆப்பிள், லேசான தேன், பின்னால் வறுத்த தானியம். பீப்பாய் மாறினால் குணம் மாறும். அமெரிக்க விஸ்கி இருந்த பழைய பீப்பாயில் கிடந்தது என்றால் துருவிய தேங்காயும் வெனிலாவும் வரும். திராட்சை மது இருந்த பீப்பாய் என்றால் பேரீச்சையும் உலர்திராட்சையும். எனக்குப் பிடித்தது, முளைகட்டிய பார்லியையும் முளைகட்டாத பார்லியையும் சேர்த்துச் செப்புப் பாண்டத்தில் வடிக்கும் வகை. நாக்கில் நல்லெண்ணெய் போலக் கனமாகப் படியும். விழுங்கிய பிறகு சுக்கும் லவங்கமும் மெதுவாக மேலே ஏறி வரும்.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல பந்தல் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கடைசியில்தான் வாயைத் திறப்பார். “கரெக்டு மச்சான். தேங்கா வாசன கீது.” எதிர் வீட்டுக்காரர் கொய்யாப்பழம் என்றால், “ஆமா சார், கொய்யாதான்.” யாரையும் மறுத்ததில்லை. புதிதாக ஒன்றும் சொன்னதுமில்லை.

ஒருநாள் வீடு திரும்பும்போது லிஃப்டுக்குள் எதிர் வீட்டுக்காரர் கேட்டார். “ஏனுங்க, ஒண்ணு கவனிச்சீங்களா? ஒவ்வொரு பாட்டிலும் நமக்கு முன்னாடியே திறந்திருக்குது. கழுத்துக்குக் கீழ ஒரு விரக்கடை கொறைஞ்சும் இருக்குது.”

“அவர் பாட்டில். ஒரு வாய் குடிச்சிருப்பார்.”

“ஒவ்வொரு தடவையுமா? அப்பறம் நம்மகிட்ட எதுக்குங்க எப்படி இருக்குன்னு கேக்கோணும்?”

அடுத்த ஞாயிறு என் கண் நேராகப் புட்டிக் கழுத்துக்குத்தான் போனது. ஒரு விரற்கடை குறைந்திருந்தது.

அதன் பிறகு ஒரு சனிக்கிழமை காலையில், மகளின் பிறந்தநாளுக்கு நாற்காலி சொல்லிவிட்டு வரலாம் என்று குடோனுக்குப் போனேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே நுழைந்தேன். பின்பக்கம் கவிழ்த்த அண்டாவின் மேல் பந்தல் அண்ணன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். முன்னாலிருந்த மேசையில் புதிய விஸ்கிப் புட்டி ஒன்று, மூடி திறந்து. அதைச் சுற்றிச் சின்னக் கிண்ணங்கள். லவங்கம், எலுமிச்சைத் தோல், காப்பித்தூள், யூக்கலிப்டஸ் தைலம். ஒரு புனலும் இருந்தது. புட்டியிலிருந்து கொஞ்சம் கிண்ணத்தில் ஊற்றிக் குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தார்.

“அண்ணே” என்றேன்.

திடுக்கிட்டுத் திரும்பினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மேசைமேல் போட்டு மூடினார். “இன்னா மச்சான், சொல்லாம கொள்ளாம உள்ள வந்துகினு? போன் பண்ண மாட்டியா?”

அந்தக் குரலில் அவர் என்னிடம் அதுவரை பேசியதில்லை. நாற்காலி விஷயத்தைச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ஏரிக்கரை வழியாக வீட்டுக்கு நடக்கும்போது, மறைக்க வேண்டிய அளவுக்கு அங்கே என்னதான் இருந்தது என்று திரும்பத் திரும்ப யோசித்தேன்.

எதிர் வீட்டுக்காரர் யோசிக்கவே இல்லை. “கலப்படமுங்க. லவங்கம், எலுமிச்சைத் தோல், தைலம் எல்லாம் எசென்ஸுக்குத்தான். காப்பித்தூள் கலருக்கு. வாசத்துக்கு இத்தனை மெனக்கெட்டா, அடியில ஊத்தற சரக்கு என்னன்னு யோசிச்சுப் பாருங்க. மெத்தனாலா இருந்தா கண்ணு போயிருமுங்க.”

மறுநாள் காலையில் கண்ணாடி முன்னால் நின்று ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் காலண்டரைப் படித்துப் பார்த்தேன்.

அப்படியும் போகாமல் இருக்க முடியவில்லை. திடீரென நின்றால் கேட்பாரே என்பது ஒரு காரணம். விஸ்கி நன்றாக இருந்தது என்பது பெரிய காரணம். ஆனால் முன்புபோல ரசிக்க முடியவில்லை. லவங்கம் தட்டுப்பட்டால் அது பீப்பாயிலிருந்து வந்ததா, கிண்ணத்திலிருந்து வந்ததா? எலுமிச்சை வாசனை வந்தால் யார் பிழிந்தது? நாக்கில் வைக்கும் முன்பே அவர் முகத்தைப் பார்க்கத் தொடங்கினேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன சொல்வேன் என்று அத்தனை ஆவலாக ஒருவர் ஏன் காத்திருக்க வேண்டும்? ஏமாந்தேனா என்று பார்க்கத்தானே?

எதிர் வீட்டுக்காரர் தன் கிளாஸிலிருந்ததை ரகசியமாக இருமல் மருந்துப் புட்டியில் ஊற்றி எடுத்துப் போய்த் தன் பரிசோதனைக் கூடத்தில் பார்த்தார். அந்த வாரம் முழுக்க அவரை எதிர்பார்த்து வராந்தாவில் நின்றேன். முகம் தொங்கிப்போய் வந்தார்.

“கெடுதலா ஒண்ணுமில்லீங்க.”

“அப்ப நல்ல சரக்குதானே?”

“விஷமில்லைன்னுதான் தெரியுது. அயர்லாந்துன்னு தெரியலையே.”

கடைசியாக அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். அடுத்த ஞாயிறு கையோடு ஒரு பை கொண்டு வந்தார். அதில் மூன்று கண்ணாடி டம்ளர்கள். வீட்டிலேயே ஊற்றி, மேலே தாள் கட்டி, அடியில் எண் ஒட்டியிருந்தார். “இன்னைக்கு ஒரு விளையாட்டுங்க. எது என்னன்னு சொல்ல மாட்டேன். நீங்க முதல்ல சொல்லோணும்” என்று பந்தல் அண்ணன் முன்னால் வைத்தார். இரண்டில் முந்தின வாரங்களில் நாங்கள் குடித்த அதே ஐரிஷ் வகைகள், அவரே கடையில் தேடி வாங்கியவை. மூன்றாவதில் மட்டமான உள்ளூர் பிராந்தி. கிளம்பும்போதே என்னிடம் சொல்லியிருந்தார். நான் தடுக்கவில்லை. எனக்கும் தெரிய வேண்டியிருந்தது.

பந்தல் அண்ணன் சிரித்தார். பிறகு எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். முதல் டம்ளரை முகர்ந்து, குடித்து, “நல்லா கீது” என்றார். இரண்டாவதையும் அப்படியே. மூன்றாவதை ஆழ மூச்சிழுத்து முகர்ந்தார். பிராந்தியின் நெடி எனக்கே நாற்காலியில் உட்கார்ந்தபடி எட்டியது.

“இது சூப்பர் மாமே. நீ சொல்லுவியே, சுக்கு, லவங்கம். அது இதுலதான் கீது.”

எதிர் வீட்டுக்காரர் எழுந்தே விட்டார். “அது பிராந்திங்க. நாயர் கடை டீயில ஊத்தினாக்கூடத் தெரியும். இதுக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியாத மனுசன் எங்களுக்கு வாரா வாரம் என்னத்த ஊத்திக் குடுக்கறீங்க? அந்தக் கிண்ணத்துல என்ன கலக்கறீங்க?”

பந்தல் அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். “நீதான் சொன்னியா மச்சான்?”

அந்த நேரத்தில் அவர் மனைவி வறுத்த ஜிலேபிக் கெண்டை மீனைத் தட்டில் எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தார். எதிர் வீட்டுக்காரர் கத்தியது அவர் காதில் விழுந்திருந்தது.

“கலப்படமா? இன்னா பேச்சு பேசுறீங்க சார்?” தட்டை மேசையில் வைத்தார். “அவருக்கு மூக்கே வேல செய்யல. கொரோனா வந்து போனதுலேர்ந்து ஒரு வாசனயும் தெரியாது. இப்பயாச்சும் சொல்லித் தொலையேன்யா.”

“நீ சும்மா கெட” என்றார் பந்தல் அண்ணன்.

“இன்னாத்துக்கு சும்மா கெடக்கணும்? ஊட்டுல கேஸ் கசிஞ்சிகினு கீது தம்பி, இந்த ஆளு பக்கத்துல நின்னுகினு தீப்பெட்டிய எடுக்குறாரு. நான் ஓடியாந்து புடுங்கலன்னா அன்னிக்கே கத முடிஞ்சிருக்கும்.”

எதிர் வீட்டுக்காரர் திரும்ப உட்கார்ந்தார். பிறகு பந்தல் அண்ணனே பேசினார்.

“வெளிய சொன்னா பொழப்பு போயிடும் மச்சான். மூக்க வெச்சித்தான எனுக்கு பிரியாணி ஆர்டரு. இப்ப சமையல் மாஸ்டருதான் தம் உடைக்கிறாரு. நான் பக்கத்துல நின்னு தலைய ஆட்டிகினு கீறேன். டாக்டரு தெனம் காலீல லவங்கம், எலுமிச்சத் தோலு, காப்பித்தூளு, தைலம்னு மோந்து பாக்கச் சொன்னாரு. ஒண்ணும் தெரில. தங்கச்சி அனுப்சுதே மொத பாட்டிலு, அத்த தொறந்தப்ப மட்டும் ஒரு செகண்டு இன்னாவோ வந்துச்சி. இன்னான்னு புடிக்கிறதுக்குள்ள போயிடுச்சி. அதான் ஒவ்வொரு பாட்டிலயும் மொதல்ல நான் மட்டும் தொறந்து மோந்து பாக்குறேன். கொஞ்சம் கிண்ணத்துல ஊத்தி வெச்சிகினு.”

“மிச்சத்தை?”

“புனலு தைலம் ஊத்துறதுக்கு. மோந்த சரக்க திரும்ப பாட்டில்ல ஊத்துனா நல்லாருக்குமா? நான் குடிச்சிடுவேன். நீ கேக்குறதப் பாரு.”

“அப்போ எங்களை எதுக்கு அண்ணே கூப்பிட்டீங்க?”

“நான் அன்னிக்கு நாற்காலி எறக்கிகினு இருந்தப்ப, அந்த ஊரு விஸ்கி எப்டி இருக்கும்னு நீ சொன்ன பாரு. தேங்கா, தேனு, சுக்குன்னு. நீ சொல்லச் சொல்ல எனுக்கு எல்லாம் ஞாபகம் வந்துகினே இருந்துச்சி. வாய்ல வெச்சிகினு நீ சொல்றதக் கேட்டா, எங்கனா மாட்டுமான்னு தேடுவேன். அவ்ளோதான்.”

எதிர் வீட்டுக்காரர் மீனைப் பார்த்துக்கொண்டே, “மன்னிச்சுக்கோங்க” என்றார். பந்தல் அண்ணன் ஒரு துண்டு மீனை எடுத்து அவர் பக்கம் தள்ளினார். அன்று யாரும் அதிகம் குடிக்கவில்லை.

அதற்குப் பிறகு சில வாரம் போகாமல் இருந்தோம். வெட்கம்தான். அவரே போன் போட்டுக் கூப்பிட்டார். திரும்பவும் உட்கார்ந்தபோது நான் பேசும் விதம் மாறிவிட்டது. எடுத்தவுடன் என்ன வருகிறது, நடு நாக்கில் என்ன, விழுங்கிய பின் மூக்குக்குப் பின்னால் எது ஏறுகிறது என்று மெதுவாகச் சொன்னேன். வெறும் தேன் என்று முடித்துக்கொள்ளாமல், அது கொம்புத் தேனா, கடைத் தேனா, தீயில் காட்டிய தேனா என்று யோசித்தேன். அப்போதுதான் நானே சரியாகக் குடிக்க ஆரம்பித்தேன் என்று தோன்றுகிறது.

சமீபத்தில் என் அலுவலக நண்பர் அயர்லாந்திலிருந்து வரும்போது எனக்கென்று ஒரு புட்டி கொண்டுவந்தார். கரிபோல எரியும் மண்கட்டியின் புகையில் பார்லியைக் காயவைத்துச் செய்யும் வகை. அந்த ஊரில் இது அபூர்வம். நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. நேராக எடுத்துப் போய் மேசையில் வைத்து, திறந்து, மூன்று கிளாஸிலும் ஊற்றினேன்.

பந்தல் அண்ணன் கிளாஸைக் கையில் எடுத்தவர் சட்டென்று கீழே வைத்துவிட்டு எழுந்தார். “மச்சான், இன்னாவோ எரியுது.” சாமியானாத் துணிகள் அடுக்கியிருந்த பக்கம் ஓடினார். மெயின் சுவிட்சைத் தொட்டுப் பார்த்தார். பின்பக்கம் போய், “ஏம்மே, அடுப்புல இன்னாத்த வெச்ச?” என்று கத்தினார். வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். நாங்கள் இருவரும் அசையாமல் இருப்பதைப் பார்த்து, “இன்னாடா உக்காந்துகினு கீறீங்க? துணி எரிஞ்சா எல்லாம் போச்சி!” என்றார்.

“அண்ணே, எதுவும் எரியலை” என்றேன். கிளாஸைக் காட்டினேன்.

வாளியை வைத்துவிட்டு வந்து கிளாஸை மூக்கருகே கொண்டுபோனார். எடுத்தார். திரும்பக் கொண்டுபோனார். அவர் மனைவி ஈரக் கையோடு வந்து, “இன்னாய்யா?” என்றார். பந்தல் அண்ணன் கிளாஸை அந்த அம்மாவிடம் நீட்டினார். அவர் முகர்ந்து, முகத்தைச் சுளித்து, “தூ, பொக நாத்தம்” என்றார்.

“ஆமாம்மே” என்றார் பந்தல் அண்ணன். “பொகதான்.” அன்று அவர் அதைக் குடிக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தார்.

லிஃப்டில் எதிர் வீட்டுக்காரர் மெல்லக் கேட்டார். “நடிப்பா இருக்குமோங்க?”

“எதுக்கு நடிக்கணும்?”

“தெரியலீங்க. சும்மா கேட்டேன்.”

புகைக்குப் பிறகு, சில வாரங்களில் பந்தல் அண்ணன் மூக்குக்கு லவங்கம் எட்டியது. பிறகு எலுமிச்சை. காப்பி மட்டும் கருகிய ரப்பர்போல அடிக்கிறது என்கிறார். பிரியாணி இன்னும் வரவில்லை. தம்மை இப்போதும் மாஸ்டர்தான் உடைக்கிறார். போன ஞாயிறு, நான் ஒரு புது விஸ்கியை முகர்ந்துவிட்டு ஏலக்காய் என்றேன். பந்தல் அண்ணன் தலையை ஆட்டினார்.

“ஏலக்கா இல்ல மச்சான். சோம்பு.”

“ஏலக்காய்தான் அண்ணே.”

“மூக்க நல்லா கழுவிகினு வந்து மோந்து பாரு. சோம்பு!”

எதிர் வீட்டுக்காரரிடம் தீர்ப்புக் கேட்டோம். அவர் இரண்டுமில்லை, கொத்தமல்லி விதை என்றார். தட்டிலிருந்த மீன் ஆறிப் போகும்வரை மூவரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.