மழையில் திறந்த குழாய்

பொன்முடியில் மழை பெய்யும்போது மலை எங்கே இருக்கிறது என்பதை ஒலியால் மட்டுமே அறிய முடியும். அன்று காலையிலிருந்தே எங்கள் கேரவனின் சன்னல்களுக்கு அப்பால் வெண்மை மட்டும் இருந்தது. அவ்வப்போது அது விலகும். ஒரு தேயிலைச் சரிவு தெரியும். பார்த்து முடிப்பதற்குள் மூடிக்கொள்ளும். மண் சரிந்ததால் கீழே செல்லும் பாதையை அடைத்திருந்தார்கள். அக்காவும் அத்தானும் நானும் வாடகைக்கு எடுத்திருந்த அந்த வண்டி சாலை வளைவொன்றில் ஓரமாக நின்றது. போவதற்கு இடமில்லை என்பதே ஒரு சுகமாக இருந்தது. அக்கா கட்டிலில் உறங்கினாள். கூரையில் விழும் மழையைக் கேட்டபடி நானும் பாதி உறக்கத்தில் கிடந்தேன்.

காகிதத் தட்டு கூடாது என்று விதித்தவள் நான். மலையில் குப்பை சேர்க்கக் கூடாது என்பது என் எண்ணம். எனவே ஒவ்வொரு வேளையும் எவர்சில்வர் தட்டுகளைச் சோப்புப் போட்டுக் கழுவினோம். கழுவிய நீர் வண்டிக்கு அடியிலுள்ள தொட்டியில் சேரும். நல்ல நீருக்கு வேறு தொட்டி. மூன்றாம் நாளான அன்று அழுக்குத் தொட்டி நிரம்பி, குளியலறைத் தரையில் நுரை எதிர்த்து ஏறியது.

"மழையல்லே, திறந்து விட்டா ஒலிச்சு ஓடிப் போவும்," என்றார் ஓட்டுநர். "எல்லாரும் அப்படித்தான் செய்யும்."

ஆரியசாலைக் கடைத்தெருவில் மொத்த வியாபாரம் செய்யும் அத்தான் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பிளேட் கழுவணும்னு சொன்னது யாரு? இப்போ மேடம்தான் பெர்மிஷன் தரணும், கேட்டியா."

இவ்வளவு மழையில் ஒரு தொட்டி சோப்பு நீர் என்ன செய்துவிடும்? நெடுநேரம் யோசித்ததாகவே நினைவு. அது எங்கே போய்ச் சேரும் என்று மட்டும் யோசிக்கவில்லை. சம்மதமாகத் தலையசைத்தேன். ஓட்டுநர் தொட்டியின் குழாயைத் திறந்தார்.

நுரை சாலையோரமாக ஓடி ஓடைக்குள் இறங்கியதைக் குடைபிடித்தபடி பார்த்தேன். மூடுபனியின் ஒரு துண்டு தரையில் தவழ்ந்து போவது போலிருந்தது. அது அழகாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அதன் பின்னாலேயே நடந்தேன். இருபதடி கீழே, நுரை ஒரு கல்லைச் சுற்றித் தயங்கிய இடத்தில், கறுப்பு ஹோஸ் ஒன்றின் வாய் ஓடைக்குள் செருகப்பட்டிருந்தது.

குழாயை மூடும்படி மேலே குரல் கொடுத்தேன். அதற்குள், பிளாஸ்டிக் தாளைத் தலையில் போர்த்திய ஒரு பெண் சரிவில் ஏறி வந்தாள். எஸ்டேட் தொழிலாளர் வசிக்கும் லயத்திலிருந்து வருகிறாள் என்று தெரிந்தது.

"ஹோஸ்ல இலை அடைச்சிருக்கு போல, ஒரு சொட்டு வரல்ல," என்றாள். "தங்கச்சி பிரசவம் கழிஞ்சு நேத்துதான் வந்தா. பிள்ளையக் குளிப்பாட்டத் தண்ணி வேணும்." குனிந்து ஹோஸின் வாயில் கைவைத்தாள்.

நுரை கரைந்துவிட்டிருந்தது. நான் பேசாமலிருந்தால் அவளுக்குத் தெரியப்போவதில்லை.

"சேச்சி, அந்த இலைய எடுக்காதீங்க. எங்க வண்டியோட அழுக்குத் தண்ணிய இதுல விட்டுட்டோம். சோப்புத் தண்ணி."

அவள் கை நின்றது. வண்டியை நிமிர்ந்து பார்த்தாள்.

"வீடு போலப் பெரிய வண்டி. உள்ள குளிமுறிகூட இருக்கும், அல்லே? குளிச்ச தண்ணிய வைக்க மட்டும் இடமில்லாமப் போச்சு."

வண்டியில் நல்ல நீர் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"டவுன்ல பிடிச்ச மருந்துத் தண்ணியா? பச்சப்பிள்ளைக்கு வேண்டாம். ஓடைதானே, தெளியும்."

காத்திருந்தோம். அத்தான் இறங்கி வந்து அவளிடம் ஒரு குடையை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள், விரிக்கவில்லை. மூடுபனி எங்களை மறைத்தது, சற்றுத் திறந்தது, மீண்டும் மறைத்தது. அந்த மூடுபனிக்குள் பொழுதே நின்றுபோனதாகத் தோன்றியது. கீழே எங்கோ ஒரு குழந்தை அழும் ஒலி மட்டும் பொழுது நகர்வதைச் சொன்னது.

அவள் உள்ளங்கையில் நீரள்ளி முகர்ந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்களே குடிச்சுப் பாருங்க."

அள்ளிக் குடித்தேன். குளிர் பல்லில் ஏறியது. மண், அழுகிய இலை, ஏதோ ஒரு வேர். சோப்பு இல்லை, அல்லது என் நாக்குக்குத் தெரியவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்து சில நாளே ஆன ஓர் உடம்புக்குப் பொறுப்பேற்கும் அளவுக்கு என் நாக்கை நான் நம்பவில்லை.

"இன்னும் கொஞ்சம் ஓடட்டும்," என்றேன்.

"சரி," என்று அவள் கல்லின்மேல் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.