சிவப்புத் தையலின் உயரத்தில் ஒரு கார்

எஞ்சின் பளிச்சென்று இருக்கும் காரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எண்ணெய் ஒழுகும் காரை ஒருத்தி ஏன் வீட்டுக்கு ஓட்டி வர வேண்டும்? அதுவும் கார் வேலை தெரிந்த ஒருத்தி? அன்றைக்கு எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. மராத்தி பேசும் ஊரான கட்கியில், எங்கள் தமிழ்க் குடியிருப்பில் யாருக்குமே தெரியவில்லை. பிறகு கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

ஜான்சிக்குத் தையல்தான் வேலை. ராணுவச் சீருடை தைக்கும் ஒரு கூடத்தில் மேற்பார்வை. மெஷின் நின்றுபோனால் ஆள் வரும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாமல் அவளே திறந்து பார்ப்பாள். அப்படித் தொடங்கியதுதான். தையல் மெஷினிலிருந்து ஸ்கூட்டர், ஸ்கூட்டரிலிருந்து வீட்டிலிருந்த பழைய சின்னக் கார். பிரேக் பேட், கிளட்ச் கேபிள், ரேடியேட்டர் எல்லாம் போனில் வீடியோ பார்த்து, வாசலில் சாக்கு விரித்துப் படுத்து, தானே மாற்றினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் காருக்கு அடியிலிருந்து அவளுடைய இரண்டு கால்கள் மட்டும் தெரியும். தெருவில் போகிறவர்கள் அந்தக் கால்களுக்கே வணக்கம் சொல்லிவிட்டுப் போவார்கள்.

அவள் கணவன் வசந்தகுமார் நகரப் பேருந்து ஓட்டியவன். ஹிஞ்சவடி நெரிசலில் அத்தனை பெரிய வண்டியை ஒரு கீறல் இல்லாமல் நுழைத்து எடுப்பான் என்று டெப்போவில் பெயர். மழைக்கு முன்னால் கூரைத் தகரம் மாற்ற ஏறியவன் கீழே விழுந்தான். முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. பிறகு சக்கர நாற்காலிதான்.

வீட்டுக்குள் அவன் யாரையும் எதிர்பார்க்கவில்லை. ஜான்சி ஒரு வழவழப்பான பலகை செய்து கொடுத்திருந்தாள். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே அதைப் பாலம் மாதிரிப் போட்டு, கையை ஊன்றிச் சறுக்கி மாறிக்கொள்வான். சிக்கல் எல்லாம் வாசலுக்கு வெளியேதான். பழைய காரின் இருக்கை பள்ளத்தில் இருந்தது. விழுந்து உட்காரலாம், எழுந்து வர முடியாது. அதை விற்றுவிட்டு ஆட்டோவில் போய்வந்தார்கள். ஒருநாள் மருத்துவமனை வாசலில் இரண்டு காவலாளிகள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவனை இறக்கினார்கள். தூக்கிய வேகத்தில் பேண்ட் நழுவிவிட்டது. வரிசையில் நின்றவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவன் பின்னால் சொன்னான்.

வீட்டுக்கு வந்ததும் ஒன்றுதான் சொன்னான். "இனிமே என்னை எவனும் தூக்கக் கூடாது. நானா ஏறினா வரேன். இல்லன்னா இந்த வூட்லயே கெடக்கறேன்."

சொன்னபடியே கிடந்தான். உடற்பயிற்சி சிகிச்சைக்குப் போவது நின்றது. நண்பன் வீட்டுக் கல்யாணத்துக்கும் போகவில்லை. ஜன்னல் ஓரம் அவனுக்கு நிரந்தரமான இடமாகிவிட்டது. தோள்கள் இளைப்பதை ஜான்சி சட்டை அளவில் கண்டாள். இந்தத் தோளும் போய்விட்டால் பலகையில்கூட நகர முடியாது என்பது அவளுக்குத் தெரியும்.

ஒரு ஞாயிறு காலை இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு அவன் முன்னால் மண்டி போட்டாள்.

"என்னா, பேண்ட் தைக்கப் போறியா?"

"கார் தைக்கப் போறேன். ஆடாம உக்காரு."

அவன் உட்கார்ந்திருக்கும்போது மெத்தை அமுங்கித் தரையிலிருந்து எவ்வளவு உயரம் வருகிறது என்று அளந்தாள். அதே உயரத்தில், தான் உடுத்தும் சுடிதார் பேண்ட்டில், முட்டிக்குச் சற்று மேலே சிவப்பு நூலால் குறுக்கே ஒரு தையல் போட்டாள். எந்தக் காரின் கதவைத் திறந்து பக்கத்தில் நின்றாலும் போதும். இருக்கை தையலுக்கு நேராக இருக்கிறதா, மேலேயா, கீழேயா என்று குனியாமலே தெரிந்துவிடும். பலகை சரிந்தால் ஆளும் சரிவான். அவளுக்கு வேண்டியது சமமான உயரம்.

"வாங்கினா ஜெர்மன் காடிதான்," என்றான் வசந்தகுமார் கிண்டலாக. பேருந்து ஓட்டிய காலத்தில், சிக்னலில் பக்கத்தில் நிற்கும் ஜெர்மன் கார்களின் கதவு மூடும் சத்தத்தை வீட்டில் வந்து வாயாலேயே செய்து காட்டுவான். 'தப்'. தகரச் சத்தமே இருக்காது.

அவன் கிண்டலாகச் சொன்னதை அவள் நிஜமாகவே எடுத்துக்கொண்டாள். கதவு அகலமாகத் திறக்கும், இருக்கையை ஏற்றி இறக்கலாம், உடம்பு கெட்டியாக இருக்கும். பழசானால் நம் கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிடும். மற்றவர்கள் பயப்படுவது பழுதுக்காக. அந்தப் பயம்தான் அவளுக்கு இல்லையே.

முதலில் பார்த்த கார் வாகட் என்ற பகுதியில் இருந்தது. கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு வந்த சந்தானம் என்பவருடையது. கூடவே வசந்தகுமாரின் தங்கை பவுனும் போனாள். பிம்ப்ரியில் மாத்திரை அடைக்கும் பிரிவில் வேலை செய்பவள். வாய் சும்மா இருக்காது.

அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் துணிப்போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது வெள்ளை செடான். சந்தானம் போர்வையைப் பக்குவமாக மடித்தார்.

"குழந்தை மாதிரி வெச்சிருக்கேனுங்க. ஒரு நாள்கூட சர்வீஸ் தவறினதில்லீங்க."

பொய் இல்லை. ஜான்சி எஞ்சினைக் கேட்டாள், அடியில் படுத்துப் பார்த்தாள், ஒரு சுற்று ஓட்டினாள். வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போனது. திரும்பி வந்து, இடது பக்கக் கதவைத் திறந்து, காலை இருக்கையோடு ஒட்டி நின்றாள். சிவப்புத் தையல் மேலே இருந்தது. இருக்கையை முழுக்க ஏற்றியும் அது நன்றாகக் கீழேதான் இருந்தது.

"வேணாங்க சார்."

சந்தானத்தின் முகம் வாடிவிட்டது. "எஞ்சின்ல ஏதாச்சும் குறைங்களா?"

"ஒரு குறையும் இல்ல. எனக்கே ஆசையா இருக்கு."

"அண்ணி, இன்னா ஆச்சு உனக்கு?" பவுன் காதோரம் சீறினாள். "பொண்ணு பாக்க வந்து, பொண்ணு பிடிச்சிருக்கு, அவ உக்காந்திருக்கற பாய்தான் வேணாம்னு சொல்ற மாதிரி இருக்கு!"

ஜான்சி தன் காலைக் காட்டி விஷயத்தைச் சொன்னாள். சந்தானம் அந்தத் தையலைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு தன் காரின் இருக்கையில் உட்கார்ந்து, கால்களை அசைக்காமல், கைகளால் மட்டும் எழுந்து வெளியே வரப் பார்த்தார். முடியவில்லை. இரண்டாம் முறையும் முடியவில்லை.

"பத்து வருஷமா இதுல ஏறி எறங்கறனுங்க. இப்பத்தான் தெரியுது," என்றார். விற்கும் அவசரத்தை மறந்துவிட்டார். "உயரமான ஜெர்மன் வண்டி ஒண்ணு இருக்குங்க. பிம்ப்ரில ஜோஷுவான்னு, எங்க பையனுக்குக் கீபோர்டு சொல்லித் தர்றவரு. ஆனா அது கொஞ்சம்..." கையை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

ஜோஷுவாவின் கார் ஒரு குல்மொஹர் மரத்தடியில் சருகு மூடி நின்றது. செடான் இல்லை. கூரை உயர்ந்து, பின்பக்கம் அகலமாகத் திறக்கும் குடும்பக் கார். தானியங்கி கியர். கச்சேரிக்குக் கீபோர்டும் ஸ்பீக்கரும் ஏற்றவே வாங்கியதாம். அடியில் தரையில் கறுப்பாக ஒரு வட்டம்.

"எண்ணெய் ஒழுகும். ஓட்டுநர் பக்கக் கண்ணாடி இறங்காது. எலி ஒயரைக் கடிச்சிருக்கு," என்று ஜோஷுவா வரிசையாகச் சொன்னார். "மறைச்சு விக்க மனசு வரல. வேற கேள்வி இருந்தா கேளுங்க."

"எலி இன்னும் உள்ள இருக்கா?" என்றாள் பவுன்.

"அது காலி பண்ணிட்டுப் போயிருச்சும்மா. அதுக்கே பிடிக்கல."

ஜான்சி பானட்டின் பக்கமே போகவில்லை. நேராக இடது கதவைத் திறந்து நின்றாள். சிவப்புத் தையலும் இருக்கையின் விளிம்பும் ஒரே கோட்டில் இருந்தன.

அதற்குப் பிறகுதான் ஜான்சி காரைப் பார்க்கத் தொடங்கினாள். கால்விரிப்பைத் தூக்கி முகர்ந்தாள். வெள்ளத்தில் நின்ற கார் என்றால் சேற்று வாடை காட்டிக்கொடுக்கும். இல்லை. கதவுகளுக்கும் உடம்புக்கும் நடுவிலுள்ள சந்து எங்கும் ஒரே அளவாக இருக்கிறதா என்று விரலால் தடவினாள். துணியில் தையல் இழுத்திருப்பதைக் கண்டுபிடிக்கும் அதே விரல். அடிபட்டு நிமிர்த்திய கார் இல்லை. நாசிக் நெடுஞ்சாலையில் எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டினாள். கியர் ஒவ்வொன்றும் உலுக்காமல் விழுந்தது.

"எடுத்துக்கறேன் சார்."

"அண்ணி, எண்ணெய் ஒழுகுது!"

"பாரு பவுனு. என் கையால மாத்த முடிஞ்சது எதுவேணாலும் கெட்டுப்போயிருக்கட்டும். எண்ணெய் கேஸ்கெட் மாத்தலாம், ஒயர் மாத்தலாம், கண்ணாடி மோட்டார் மாத்தலாம். வண்டியோட உயரத்த யாரால மாத்த முடியும்? வளைஞ்ச சட்டத்த நான் எங்க போய் நிமுத்துவேன்? என்னால முடியாதது மட்டும் சரியா இருந்தாப் போதும்."

கேட்டதும் எனக்கு எளிமையாகத் தோன்றியது. யோசித்தால், நாம் எல்லோரும் தலைகீழாகத்தான் பார்க்கிறோம். பளபளப்பு எளிதில் வரும், எளிதில் போகும். அதைத்தான் முதலில் பார்க்கிறோம்.

கார் வீட்டு வாசலுக்கு வந்தபோது வசந்தகுமார் ஜன்னலில் இருந்தான். குறுகலான வாயிலில் அவள் திருப்பி நுழைக்கும்போது, அவன் கைகள் நாற்காலிச் சக்கரத்தின் மேல் தாமாகத் திரும்பின. ஜான்சி அதைப் பார்த்தாள். அவன் படபடப்பாக இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்க அவளுடைய கால்கள் மறுபடி வாசலில் தெரிந்தன. எஞ்சின் மேல்மூடியின் போல்ட்டுகளுக்கு நட்சத்திர வடிவத் தலை. அவள் பெட்டியிலிருந்த எந்த ஸ்பேனரும் சேரவில்லை. அதற்கான ஸ்பேனரைத் தேடிப் பிடித்து, மூடியைக் கழற்றி, மரக்கட்டை மாதிரி இறுகிப்போயிருந்த பழைய கேஸ்கெட்டை, எண்ணெய் கசியாமல் அடைக்கும் அந்த ரப்பர் வளையத்தை எடுத்தாள். புதியதைப் போட்டு ஸ்டார்ட் செய்தபோது ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"ஐடில்ல எஞ்சின் தடுமாறுது. ஏதோ ஹோஸ் சரியா உக்காரல, பாரு!"

பார்த்தாள். ஒரு காற்றுக் குழாய் கழன்றிருந்தது. விபத்துக்குப் பிறகு அவன் இவ்வளவு சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

ஞாயிறு வந்தது. காருக்கு அடியில் தரை எண்ணெய் படாமல் காய்ந்து கிடந்தது. ஜான்சி இடது கதவை முழுவதும் திறந்து, இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, பலகையைத் துடைத்து வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து போகிறவனுக்காக அவள் எல்லாவற்றையும் யோசித்திருந்தாள். முதுகுக்குத் திண்டுகூடத் தைத்திருந்தாள்.

வசந்தகுமார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தான். திறந்த கதவைப் பார்த்தான். நிற்கவில்லை. காரின் மூக்கைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போய், ஓட்டுநர் கதவுக்குப் பக்கத்தில் நாற்காலியை நிறுத்தினான்.

"அங்க இல்லய்யா, இந்தப் பக்கம்," என்றாள் ஜான்சி.

"எந்தப் பக்கம்னு என்னைக் கேட்டியா?"

அவள் கேட்கவில்லை. மெத்தையின் அமுக்கம் வரை அளந்தவள், அளவுக்குரிய ஆளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூடத்தில் புதிதாகச் சேரும் பெண்களுக்கு அவள் முதலில் சொல்லித் தருவதே, ஆளிடம் கேட்டுவிட்டு டேப்பை எடு என்பதுதான்.

"அண்ணே, பிரேக்க எதால அமுக்குவ?" என்றாள் பவுன் மெதுவாக.

"கையால அமுக்கற மாதிரி வெச்சுத் தராங்க. வீடியோ அவ மட்டுமா பாக்கறா? நானும்தான் பாக்கறேன், ஜன்னலாண்ட உக்காந்து."

ஜான்சி சுற்றி வந்து ஓட்டுநர் கதவைத் திறந்தாள். தையல் இருக்கையை ஒட்டும்படி நின்று பார்த்தாள். இருக்கை தாழ்ந்திருந்தது. பக்கவாட்டில் இருந்த நெம்புகோலைப் பிடித்து மேலே இழுத்தாள். மறுபடி இழுத்தாள். அடிகுழாய் அடிப்பது மாதிரி இழுக்க இழுக்க இருக்கை கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, சிவப்புக் கோட்டுக்கு வந்து நின்றது. ஸ்டீயரிங்கை மேலே தள்ளிப் பூட்டினாள். பலகையைப் போட்டுவிட்டு விலகி நின்றாள்.

அவன் ஏறினான். வலித்து, நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி ஊன்றி. ஒருமுறை பலகையின் ஓரத்துக்குப் போனபோது பவுன் பாய்ந்தாள். ஜான்சி அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். கால்களைக் கையால் ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைத்தான். கதவை இழுத்தான். தப்.

உள்ளேயிருந்து ஏதோ சொன்னான். கண்ணாடி மோட்டார் இன்னும் மாற்றவில்லை. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

"இன்னா சொல்றான்? இறங்கணுமாமா?" என்று பவுன் பதறினாள்.

அவன் கதவைத் திறந்தான். "சாவியக் கேட்டேன்டி, செவிடுங்களா!"

அன்று அவன் ஓட்டவில்லை. எஞ்சினை மட்டும் ஓடவிட்டு, ஸ்டீயரிங் மேல் இரண்டு கைகளையும் வைத்து உட்கார்ந்திருந்தான். போதும் என்று தோன்றியபோது, வந்த வழியே தானே இறங்கினான்.

கைப்பிடி பிரேக் பொருத்துவது ஜான்சி தொடாத வேலை. உயிர் சம்பந்தப்பட்டது என்று அதற்கென்று அனுமதி பெற்றவரிடம் கொடுத்தாள். சான்றிதழ், சோதனை, புதிய உரிமம் என்று மழைக்காலம் பாதி போய்விட்டது. சிகிச்சைக்கு மறுபடி போகத் தொடங்கினான். சட்டையின் தோளை ஜான்சி பிரித்து விட வேண்டியிருந்தது.

முதல் பயணம் கடக்வாஸ்லா அணைக்கு. பவுன் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். வசந்தகுமார் ஓட்டினான். திண்டுக்கு முதுகைச் சாய்த்து இடது இருக்கையில் உட்கார்ந்து போனவள் ஜான்சி. அணை ஓரத்தில் சோளம் சுட்டு விற்பவர் காரைப் பார்த்துவிட்டு மராத்தியில் கத்தினார், வண்டியைச் சரியாக ஓரம்கட்டு என்று. வசந்தகுமார் அதற்காக ஒரு சிரிப்புச் சிரித்தான் பாருங்கள். வெகுநாளுக்குப் பிறகு ஒருவர் அவனை ஓட்டுநராக மட்டும் பார்த்துத் திட்டியிருந்தார்.

ஜன்னல் ஓரமே உலகமாகிப்போன யாராவது உங்கள் தெருவிலும் இருக்கலாம். இதை அவர்கள் வீட்டாருக்குப் படித்துக் காட்டுங்கள், வாயால் சொல்லுங்கள், போனில் அனுப்புங்கள். டேப்பை எடுக்கும் முன்னால், எந்தக் கதவு வேண்டும் என்று அவரிடமே கேட்கச் சொல்லுங்கள்.