எக்ஸ்பிரஸ் தின்ற மீன்

நேற்று மதியம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் சட்டென்று சொல்லிவிடுவீர்கள். அது எப்படி ருசித்தது? கடைசி வாய் உள்ளே போனபோது பசி இருந்ததா? பதில் வரவில்லையென்றால் இந்த ஓட்டுநரைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. இருந்தாலும் சிரித்துக்கொள்ளுங்கள். அவர் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை.

நகரப் பேருந்து ஓட்டுகிறவர். பணிமனையில் அவரை எக்ஸ்பிரஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். ஓட்டுவதென்னவோ எல்லா நிறுத்தத்திலும் நின்று போகும் வண்டி; வேகமெல்லாம் சாப்பாட்டில். அவர் டப்பாவைத் திறக்கிற சத்தமும் மூடுகிற சத்தமும் ஒன்றாகவே கேட்கும்.

அவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. அட்டவணையில் மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் போட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த அரை மணி, வண்டி முனையத்துக்கு வந்துசேர வேண்டிய நேரத்திலிருந்து ஓடத் தொடங்கிவிடும். வந்துசேர்ந்த நேரத்திலிருந்து அல்ல. நெரிசலில் மாட்டி வருகிற நாளில் அவருடைய சாப்பாட்டு நேரத்தைச் சாலையே தின்று ஏப்பம் விட்டிருக்கும். மிச்சமிருப்பதில் இருக்கையை விட்டு இறங்காமல், மடியில் டப்பாவும், வண்டியை எடுக்கச் சொல்லும் நேரக்காப்பாளரின் ஜன்னலில் கண்ணுமாக அள்ளிப்போடுவார். வீட்டிலும் அதே கதைதான். டிவியை முன்கண்ணாடி மாதிரி முறைத்துக்கொண்டே சாப்பிடுவார். விளம்பரம் வந்தால் அவருடைய இடது கால் கிளட்சைத் தேடும் என்பாள் மனைவி.

வருடாந்திர உடல் பரிசோதனையில் சர்க்கரை கொட்டிக் கிடந்தது.

"இந்த அளவுலயே இருந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு வாங்க," என்றார் மருத்துவர்.

கையெழுத்து இல்லையென்றால் ஸ்டீயரிங் இல்லை. வண்டி கழுவும் கொட்டகைக்கு மாற்றிவிடுவார்கள். தலைமுடி கருப்பாக இருந்த காலத்திலிருந்து பிடித்த ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு, வேறொருவன் ஓட்டிவந்த வண்டிக்குக் குழாய் பிடிப்பதா? என்ன செய்யணும் என்று அங்கேயே கேட்டார்.

மருத்துவர் மூன்று விஷயம் சொன்னார். மாத்திரையை விடாமல் போடணும். தட்டில் பாதி காய்கறி இருக்கணும், சோறு குறையணும். மெதுவாக மென்று தின்னணும். வயிறு நிறைந்த சேதி மூளைக்குப் போய்ச்சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். முதல் இரண்டையும் நம்மாள் காதில் வாங்கினார். மூன்றாவதை, சாலையோர வேகக் கட்டுப்பாட்டுப் பலகையைக் கடப்பது போலக் கடந்துபோனார்.

சேதி கேட்டு மச்சினன் ஒரு பொடி டப்பாவோடு வந்தான். ஊரில் ஒருவனுக்கு நோய் வந்தால் ஒன்பது பேருக்கு வியாபாரம் வருகிறது.

"மாமா, சுத்தமான மூலிகை. பக்கவிளைவே கிடையாது."

"பக்கவிளைவு கிடக்கட்டும்டா. விளைவு ஏதாவது இருக்கா?" என்றாள் அவன் அக்கா.

பொடி வந்த வழியே போயிற்று. ஆனால் 'சர்க்கரை சேர்க்காதது' என்று கொட்டை எழுத்தில் போட்ட பிஸ்கட் உள்ளே நுழைந்துவிட்டது. சேர்க்காததுதானே என்று ஒரே மூச்சில் பாக்கெட்டைக் காலி செய்தார். அதிலிருந்த மாவும் எண்ணெயும் எறும்புக்குக்கூடத் தெரியாத எழுத்தில் அச்சாகியிருந்தன. கண்ணில் படாத எழுத்தில் உண்மையைப் போடுகிறவனைத் தண்டிக்க ஒரு சட்டமும் இல்லை. தின்றவனைத் திட்ட மட்டும் ஊரே திரண்டு வரும்.

அந்த நாள் முதல் மனைவி தன் கையாலேயே டப்பா கட்டினாள்: அவித்த பீன்ஸ், கீரை, முட்டை, ஒரு கைப்பிடி சோறு. அவருக்கோ தினமும் நடத்துநரிடம் புலம்பல்தான்.

"ஆட்டுக்குப் போடறதை எனக்குக் கட்டிக்கொடுக்கறா, தம்பி. வாயில வைக்க விளங்கல."

ஒரு மதியம் வண்டி தாமதமாக வந்து நின்றது. இருக்கைக்குப் பின்னால் இரண்டு எவர்சில்வர் டப்பாக்கள். ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமலே ஒன்றை எடுத்தார், திறந்தார், முடித்தார்.

"இன்னிக்கும் அதே புல்லுதான்," என்று ஏப்பம் விட்டார்.

நடத்துநர் மற்ற டப்பாவைத் திறந்து வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"அண்ணே, புல்லு இங்க இருக்கு."

"என்னது?"

"நீங்க தின்னது என் சாப்பாடு. வறுத்த மீனு. எங்க வீட்டுல ஆசையா செஞ்சு கொடுத்துச்சு."

ஓட்டுநர் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். மீன் இருந்ததற்குச் சாட்சியாக ஒரு முள்கூட இல்லை.

"முள்ளு இருந்திருக்குமேண்ணே?"

"இருந்திருக்கும்," என்றார் அவர், தொண்டையைத் தடவிக்கொண்டு.

"பூனைகூட முள்ளைத் துப்பும்ணே. நான் எப்பவாவது செருப்பைக் கழட்டி வெச்சா பார்த்து உக்காருங்க, அதையும் தின்னுடப் போறீங்க."

ஓட்டுநரும் சிரித்தார். ஆனால் அடுத்த நடை முடிந்து முனையம் திரும்பும் வரை ஒரே கேள்வி அவரைக் குடைந்தது. மீனையே அறியாத நாக்கு கீரையை எப்படிக் குறை சொன்னது? இத்தனை நாளும் அவர் பழித்தது ருசியை அல்ல, டப்பாவின் மூடியை. தட்டில் இருப்பதை மட்டும் மாற்றிவிட்டுத் தின்கிற விதத்தை மாற்றாமல் விட்டால் கொட்டகைக் குழாய் தப்பாது என்று உறைத்தது.

மறுநாள் டப்பாவோடு இறங்கினார். முனையத்துச் சிமெண்ட் பெஞ்சில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, டப்பாவைப் பார்த்துச் சாப்பிட்டார். பீன்ஸில் மனைவி பூண்டு தட்டிப் போட்டிருந்தாள். என்றைக்கிலிருந்து போடுகிறாளோ, யார் கண்டது. பாதியில் கையை நிறுத்தி, இன்னும் பசிக்கிறதா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். கொஞ்சம் பசித்தது. தொடர்ந்தார்.

"யோவ், நேரம் ஆயிடுச்சு. வண்டிய எடு," ஜன்னலிலிருந்து நேரக்காப்பாளர்.

"சாப்பிடறேன் சார்."

"எப்பவும் ரெண்டு நிமிசத்துல முடிப்பியே, இன்னிக்கு என்ன விருந்தா?"

"அதான் சார் வியாதி."

பயணிகள் வண்டியின் பக்கவாட்டில் தட்டத் தொடங்கினார்கள். நேரக்காப்பாளர் நடத்துநர் பக்கம் திரும்பினார்.

"நீயாவது விசில் அடிய்யா."

"வாயில கீரை இருக்கு சார். அடிச்சா உங்க சட்டையிலதான் தெறிக்கும்." மீன் போன துக்கத்தில் அவரும் அன்று வீட்டில் கீரைதான் கட்டச்சொல்லியிருந்தார்.

இப்படியே பெஞ்சில் நாட்கள் ஓடின. இரண்டு மாதம் கழித்துச் சர்க்கரை முழுதாக அடங்கவில்லை; ஆனால் நன்றாக இறங்கியிருந்தது. மருத்துவர் கையெழுத்துப் போட்டார். அதே வாரம் பணிமனையிலிருந்து விளக்கம் கேட்டு ஓர் ஆணையும் வந்தது: தினமும் மதிய நடை தாமதமாவது ஏன்? "மென்று தின்றேன்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். முடிவு இன்னும் வரவில்லை. உட்கார்ந்து ஒரு வாய் மெல்வதற்கு ஒரு மனிதன் விளக்கம் எழுத வேண்டியிருக்கிறது. அந்த அட்டவணையைப் போட்டவர்கள் பணிமனை மாடியறையில் ஒரு மணி நேரம் சாப்பிட்டு, அதன்பின் பல்லும் குத்துகிறார்கள்.

ஆகவே, முனையத்தில் ஓட்டுநர் டப்பா திறந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் வண்டியைத் தட்டாதீர்கள். கை அரித்தால் மாடியேறிப் போய் அந்த அறைக் கதவைத் தட்டுங்கள். சாப்பாட்டு நேரத்தை வண்டி வந்து நின்ற பிறகு எண்ணச் சொல்லுங்கள்.