அப்யூஸ்ங்கிற கட்டத்துல டிக் போடல

அக்கா… ஏய் அக்கா.

கூப்பிட்டா "என்னாடா"ன்னு திரும்புவா. இப்ப கூப்பிட்டா வீட்ல யாரும் திரும்பறது இல்ல. அவ போயி நாலு மாசம் ஆச்சு. நான் எட்டாவது தான் படிச்சிருக்கேன், மனசுல இருக்கிறத அப்படியே எழுதுறேன்.

நாங்க இருக்கிறது பெங்களூர்ல ஒக்கலிபுரம். அக்காவுக்கு வைட்ஃபீல்ட்ல ஒரு பெரிய அபார்ட்மென்ட்ல ஹவுஸ்கீப்பிங் வேலை. வேலை செய்ற பொம்பளைங்களுக்கு பேஸ்மென்ட்ல ஒரே ஒரு பாத்ரூம். அத பூட்டி, சாவிய சூப்பர்வைசர் அம்மா இடுப்புல சொருகி வச்சிருக்கும். செக்யூரிட்டி ஆம்பளைங்க எதிர்லயே போய் கேக்கணும். "இப்ப தானே போன? வீட்லயே முடிச்சுட்டு வரதுக்கு என்னா?"ன்னு சத்தமா கேக்குமாம். எல்லாரும் சிரிப்பாங்களாம். அந்த வெக்கத்துல அக்கா சாவி கேக்கறதையே விட்டுட்டா. தண்ணி குடிக்கறதையும் விட்டுட்டா. கொண்டுபோற பாட்டில் அப்படியே திரும்பி வரும்.

"டார்ச்சர் பண்றாங்கடா"ன்னு முதல்ல சொன்னப்ப நான் கண்டுக்கல. எங்க வீட்ல எல்லாத்துக்கும் அந்த வார்த்தை தான். கொசு டார்ச்சர், டிராபிக் டார்ச்சர், நான் போன்ல பாட்டு வச்சா அதுவும் டார்ச்சர். பாட்டில் விஷயம் தெரிஞ்சப்புறம் தான், அவள வேலைக்கு எடுத்த கம்பெனியோட ஆபீஸுக்கு கூட்டிட்டு போனேன்.

அங்க ஒரு மேடம். கன்னடக்காரங்க, ஆனா நல்லா தமிழ் பேசினாங்க. "என்னாமா ஆச்சு?"

"டார்ச்சர் மேடம்"னேன் நான்.

சிரிச்சாங்க. "எல்லாரும் இதே சொல்றீங்கப்பா. கம்ப்ளெயின்ட் ஃபார்ம்ல அந்த வார்த்தை இல்ல. இதுல ஏதாச்சும் ஒண்ணு டிக் போடுங்க."

எல்லாம் இங்கிலீஷ். வரிசையா கட்டம். மேடமே அர்த்தம் சொன்னாங்க. மிஸ்பிஹேவியர்னா மரியாதை இல்லாம நடந்துக்கறது. புல்லியிங்னா ஒருத்தர மட்டும் டார்கெட் பண்ணி எல்லார் எதிர்லயும் மட்டம் தட்டறது. ஹராஸ்மென்ட்னா வேணாம்னாலும் விடாம தொல்லை குடுக்கறது. அப்யூஸ்னா, கையில இருக்கிற பவர வச்சு இன்னொருத்தர் உடம்புக்கோ மனசுக்கோ கெடுதல் பண்றது.

எனக்கு கடைசி தான் சரின்னு பட்டுச்சு. டிக் போட போனேன். அக்கா கைய புடிச்சுட்டா.

"டேய் லூசு, அது வேணாம்."

"ஏன்?"

"டிவில அந்த வார்த்தை எதுக்கு சொல்றாங்க? யாரோ என் மேல கை வச்சாங்கன்னு தான் நெனப்பாங்க. நாளைக்கு என்னைய பொண்ணு பாக்க வரவங்க காதுக்கு போச்சுன்னா?"

"அது மட்டும் அர்த்தம் இல்லமா"ன்னாங்க மேடம். அக்கா தலைய குனிஞ்சுகிட்டா. தம்பி எதிர்ல அந்த பேச்சே அவளுக்கு கூச்சம். எனக்கும் தான். உண்மைய சொல்லிடறேன், அவ வேணாம்னதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு.

"அப்போ புல்லியிங்?"

"அது என்னாடா, ஸ்கூல் பசங்க சண்டை மாதிரி."

இருக்கறதுலயே சின்னதா, யாருக்கும் அசிங்கம் இல்லாததா மிஸ்பிஹேவியர் தான் இருந்துச்சு. அதுல டிக் போட்டு, சூப்பர்வைசர் அம்மா பேர மட்டும் எழுதினேன். பூட்டுன்னு ஒரு வார்த்தை கூட எழுதல.

மிஸ்பிஹேவியருக்கு என்ன உண்டோ அத செஞ்சாங்க. சூப்பர்வைசர் அம்மாவ கூப்பிட்டு மரியாதையா பேச சொன்னாங்க. மறுநாள்லேருந்து அது, "வாங்க மேடம், சாவி வேணுங்களா மேடம்?"னு ஆரம்பிச்சுது. செக்யூரிட்டிங்க முன்ன விட ஜாஸ்தி சிரிச்சாங்க.

ரெண்டு மாசம் கழிச்சு காய்ச்சல், இடுப்பு வலி. மாத்திரை போட்டுட்டு வேலைக்கு போனா. ஆஸ்பத்திரில சேக்கறப்ப, கிட்னில இன்ஃபெக்ஷன் ஆகி ரத்தத்துல கலந்துடுச்சுன்னாங்க. "ஒண்ணுக்கு அடக்கி வைப்பாங்களா?"ன்னு டாக்டர் கேட்டாரு. ஆமான்னேன். ஆறு நாள் தான் இருந்தா.

வேற கட்டத்துல போட்டிருந்தா பொழச்சிருப்பாளா? எனக்கு தெரியல.

போன வாரம் அவ கூட வேலை செஞ்ச ஒரு பொண்ணு வீட்டுக்கு வந்துச்சு. பூட்டு இன்னும் இருக்காம். அந்த பொண்ணும் தண்ணி குடிக்கறது இல்லையாம். மறுநாளே அதே மேடம் கிட்ட போயி ஃபார்ம் வாங்கி அப்யூஸ்ல டிக் போட்டேன். கீழ தமிழ்லயே எழுதினேன்: பாத்ரூம பூட்டி வச்சாங்க, எங்க அக்கா செத்துட்டா. மேடம் படிச்சுட்டு, மேல அனுப்பறேன்னாங்க. இன்னும் பதில் வரல.

இத படிக்கிறவங்க எந்த சாமிய கும்பிட்டாலும் பரவால்ல. எங்க அக்கா இனிமே யாருக்கும் வெக்கப்படாம நிம்மதியா இருக்கணும்னு, எல்லாரும் ஒரு தடவ அவளுக்காக வேண்டிக்கோங்க.