கயிறோடு கொடுத்த ஆடுகள்

அன்று சந்தைக்குப் போனவர்கள் இவர்கள்தான். என் அத்தை, அப்பாவின் தங்கை. வாடகைக் குட்டியானை வண்டியின் டிரைவர். நான், அப்போது அஞ்சாவது படித்தேன். என் மடியில் ஒரு தராசு. பின்னால் ஒரு சாக்கு. அப்பா வரவில்லை. மாமா குவைத்தில் இருந்தார்.

வளையல் எடுத்துக்கொள் என்று மாமா பணம் அனுப்பியிருந்தார். அத்தை தராசு எடுத்தாள். கொக்கியில் மாட்டித் தொங்கவிடுகிற தராசு. சிவப்பாக எண் எரியும். மாமா போனில் கேட்டபோது, "எடுத்தாச்சு, நல்ல கனம்" என்றாள். பொய் இல்லை.

திருச்சியில் ஒரு பிரியாணிக் கடைக்காரர். அத்தை வளர்த்த இரண்டு கிடாயை முன்னால் வாங்கிப்போனவர். அவர் பதினோரு ஆடு கேட்டிருந்தார். அன்று மதியத்துக்குள் வேண்டும். உயிரோடு எடை போட்டு, கிலோவுக்கு விலை. சரியாக வந்தால் வாராவாரம் அத்தையிடமே எடுப்பார். வராவிட்டால் வேறு ஆள் பார்ப்பார்.

அப்பாவும் ஒரு பேச்சு பேசியிருந்தார்.

"ஒரு சந்தை பாரு. வண்டி காலியா வந்துச்சுன்னா இந்த ஆம்பளை வேலையை அதோட விட்டுரணும்."

"சரிண்ணே" என்றாள் அத்தை.

எனக்கு ஒரே வேலை, கயிறு. எங்கள் பக்கம் ஆட்டை விற்பார்கள், கயிற்றை விற்க மாட்டார்கள். விலை முடிந்ததும் ஆட்டின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். வாங்குகிறவர்தான் தன் கயிற்றைப் போட்டுப் பிடித்துப் போக வேண்டும். ஏன் என்று நான் கேட்டதில்லை. பல் தேய்ப்பது மாதிரி அதுவும் ஒரு பழக்கம் என்று நினைத்திருந்தேன். பதினோரு கயிறு எடுத்துச் சாக்கில் கட்டி வைத்திருந்தோம். விடியக்காலம் இருட்டில் அதை வண்டியில் ஏற்றச் சொன்னாள். ஏற்றினேன்.

குடுமியான்மலை தாண்டும்போது வெளுத்தது. பொன்னமராவதிப் பக்கம் அந்தச் சந்தை. நாங்கள் போகும்போதே கூட்டம்.

ஆட்டுச் சந்தையில் சத்தம் அதிகம், விலை மட்டும் சத்தமில்லாமல் நடக்கும். தரகர் தோளில் இருக்கிற துண்டை எடுத்துக் கைமேல் போடுவார். விற்கிறவர் கை துண்டுக்குள் போகும். உள்ளே விரலைப் பிடித்து விரலாலே விலை பேசுவார்கள். மேலே இரண்டு முகமும் மழை வருமா என்று பார்க்கிற மாதிரி இருக்கும். பக்கத்தில் நிற்கிறவருக்கும் தெரியாது.

அத்தை ஒரு தரகரிடம் போனாள். மீசை பெரியது, துண்டும் பெரியது.

"ஆடு வேணும்ணே. பதினொண்ணு."

அவர் துண்டை எடுக்கவில்லை. "வீட்டுல ஆம்பளை யாரும் வரலையா?"

"நான்தான் வந்திருக்கேன்."

"வந்தா? பொம்பளைப் பிள்ளை கையை நான் எப்படித்தா பிடிக்கிறது?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"கையைப் பிடிக்க வேணாம்ணே. ஆட்டைப் பிடிங்க, போதும்" என்றாள் அத்தை.

அதற்கும் சிரித்தார்கள். ஆனால் ஆடு வரவில்லை. இரண்டாவது ஆளிடம் போனாள். மூன்றாவது ஆளிடம் போனாள். எல்லாரும் ஆத்தா, தங்கச்சி என்று மரியாதையாகத்தான் பேசினார்கள். ஒருவரும் துண்டை எடுக்கவில்லை.

டிரைவருக்கு மனசு கேட்கவில்லை. "அக்கா, நான் வேணா துண்டுக்குள்ள கையை விடவா?"

"ஒன் விரல் என்ன பேசுதுன்னு எனக்கு எப்படிப்பா தெரியும்?"

அவன் பீடி பற்ற வைத்தான்.

சந்தையின் ஓரத்தில் ஒரு புளியமரம். அங்கே பொம்பளைகள் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆட்டை மேய்த்து, தழை ஒடித்துப்போட்டு, குட்டி ஈன வைத்து, இத்தனை தூரம் பிடித்து வந்தவர்கள் அவர்கள். விலை பேச மட்டும் வீட்டு ஆம்பளை வர வேண்டும். அதுவரை மரத்தடி. அத்தை கொஞ்ச நேரம் அவர்களையே பார்த்தாள். பிறகு என்னிடம், "தராசை அங்கிட்டுத் தூக்கு" என்றாள்.

தாழ்ந்த கிளை ஒன்றில் தராசைக் கட்டினாள். ஆட்டின் வயிற்றுக்கு அடியில் போட்டுத் தூக்க ஒரு சாக்குத் துணி. கட்டிவிட்டுச் சத்தமாகவே சொன்னாள். உயிர் எடை, கிலோ இன்ன விலை, எல்லா ஆட்டுக்கும் ஒரே விலை, கையில் காசு.

சந்தையில் அதுவரை யாரும் விலையை வாயால் சொன்னதில்லை. அம்மணமாக ஒருவர் ஓடியது மாதிரி எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒருத்தி கறுப்பு ஆட்டோடு நின்றாள். அவள் கழுத்தில் தாலி இல்லை. அவள் கேட்டாள். "தராசு என்ன சொல்லுதோ அதே காசா? நடுவுல யாரும் இல்லையா?"

"யாரும் இல்லை."

"என் கையையும் எவனும் பிடிக்க மாட்டான். கொழுந்தனைத்தான் கூட்டியாருவேன். அவன் துண்டுக்குள்ள என்ன பேசினானோ, வெளியில வந்து எங்கிட்ட என்ன சொன்னானோ. சாமிக்குத்தான் வெளிச்சம்."

ஆட்டை முன்னால் இழுத்தாள். அதற்குள் மீசைக்காரர் வந்துவிட்டார்.

"ஏய், ஆட்டை நிறுத்தா பட்டி தங்காது. கண்ணு பட்டு மிச்ச குட்டியும் செத்துப்போகும். வீட்டுல சொல்லிக் கேட்டதில்லையா?"

எங்கள் பக்கம் அந்தப் பேச்சு உண்டு. ஆட்டையும் நிறுக்க மாட்டார்கள், பிள்ளையையும் நிறுக்க மாட்டார்கள். அவள் கை நின்றுவிட்டது. இழுத்த ஆட்டைப் பின்னால் தள்ளினாள். அவள் வீட்டில் இன்னும் நாலு உருப்படி நின்றிருக்கும். அவளுக்கும் பயம் இருக்கும்தானே.

அத்தை என்னைப் பார்த்தாள். "இங்கிட்டு வா."

வந்தேன்.

"இது எங்க அண்ணன் மகள். எங்க வீட்டுல பிள்ளைன்னு இருக்கிறது இது ஒண்ணுதான். மொதல்ல இதை நிறுக்கிறேன். பாத்துக்கங்க."

சொல்லிவிட்டு என்னைச் சாக்குத் துணியில் உட்கார வைத்துக் கொக்கியில் மாட்டிவிட்டாள். கால் தரையில் படவில்லை. நான் சுற்றினேன். சந்தை முழுக்கச் சுற்றியது. பாவாடையை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். என் வகுப்புப் பையன் எவனாவது வந்திருப்பானோ என்பதுதான் என் கவலை.

"இருபத்தி நாலு கிலோ" என்று படித்தாள் அத்தை.

"பிள்ளை கிலோ என்ன விலைத்தா?" என்றார் மீசைக்காரர்.

"எங்க வீட்டுல பிள்ளையை விக்கிறதில்லைண்ணே. ஒங்க வீட்டுல பழக்கம் இருந்தா நீங்க சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

இந்த முறை சிரித்தது மரத்தடி. மீசைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

கறுப்பு ஆடு முதலில் ஏறியது. பத்தொன்பது கிலோ. அவள் காசை வாங்கி, எண்ணி, இன்னொரு தரம் எண்ணினாள். "போன தடவை இதைவிடப் பெரிய ஆடு, காசு இதைவிடக் கொறச்சல்" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு எனக்கு ஓய்வில்லை. ஆட்டின் பின்னங்காலைப் பிடிப்பது என் வேலையாகிவிட்டது. புருசன் டீக்கடையிலிருந்து வருவதற்குள் விற்று முடித்தவர்களும் உண்டு. பத்து மணிக்குள் பதினோரு ஆடு. ஒன்பது ஆடு பொம்பளைகளுடையது. இரண்டு ஆட்டை ஆம்பளைகளே கொண்டுவந்து எடை போட்டார்கள். எல்லாரும் வழக்கப்படி கயிற்றை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டார்கள். ஆடுகளை அவர்களே கொம்பைப் பிடித்து நிறுத்தியிருந்தார்கள்.

"சாக்கை எடு" என்றாள் அத்தை.

எடுத்தேன். பிரித்தேன். உள்ளே கடலைக்கொடி.

வாசலில் இரண்டு சாக்கு இருந்தது. ஒன்றில் கயிறு, ஒன்றில் மாட்டுக்குப் போட வைத்த கடலைக்கொடி. இருட்டில் கை எதில் பட்டதோ அதை ஏற்றியிருக்கிறேன்.

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள். அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை.

திறந்த வண்டி. கட்டாமல் ஏற்றினால் ஆடு முதல் வளைவிலேயே குதித்துவிடும். கயிறு விற்கிறவரிடம் ஓடினேன். மீசைக்காரர் அங்கேதான் நின்றார். "கயிறு தீர்ந்துபோச்சு பாப்பா" என்றார் கடைக்காரர். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு கட்டு தொங்கியது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

திரும்பி வந்து சொன்னேன். சந்தையில் செய்தி எனக்கு முன்னாலேயே வந்திருந்தது. "கயித்தை மறந்துட்டு ஆடு வாங்க வந்திருக்கு" என்று ஒருவர் சொல்ல, வரிசையாகச் சிரித்தார்கள். அத்தை வண்டியைப் பார்த்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. திருச்சிக்கு எப்படியும் இரண்டு மணி நேரம். அத்தை முந்தானையை இடுப்பில் செருகினாள், அவிழ்த்தாள், மறுபடி செருகினாள்.

கறுப்பு ஆட்டுக்காரி இடுப்பிலிருந்து கயிற்றை உருவினாள். ஆட்டின் கழுத்தில் திரும்பப் போட்டு முடிந்தாள். மறுமுனையை அத்தை கையில் கொடுத்தாள்.

"கயிறோட பிடி."

"வேணாம்க்கா" என்றாள் அத்தை.

"பிடிங்கிறேன். அடுத்த வாரம் வருவீல்ல?"

"வாரேன்."

யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் இன்னொருத்தி கயிற்றை உருவினாள். அதற்கு அடுத்தவள் ஏதோ முணுமுணுத்துக் கிழக்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டு உருவினாள். ஒரு பழங்கயிற்றுக்கு இவ்வளவு நேரமா என்று எனக்குத் தோன்றியது.

ஆம்பளைகள் இரண்டு பேரும் கயிறு கொடுக்கவில்லை. தப்புச் சொல்ல முடியாது. அந்த இரண்டு ஆட்டுக்கும் அத்தை டிரைவர் தோளிலிருந்த துண்டை இழுத்து நீளமாகக் கிழித்தாள்.

"அக்கா, என் துண்டு!"

"துண்டு விலை பேச மட்டுமாப்பா?"

ஆட்டைக் கட்டினாள். வண்டி கிளம்பியது. பிரியாணிக் கடைக்காரர் அவர் தராசிலும் நிறுத்துப் பார்த்தார். நூறு கிராம்கூட வித்தியாசம் வரவில்லை. அத்தை அங்கே ஒவ்வொரு ஆட்டின் கழுத்திலிருந்தும் கயிற்றை அவிழ்த்து வாங்கி, என் மடியில் போட்டாள். கயிறு ஆட்டு வாசம் அடித்தது. வீடு வரைக்கும் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

பொழுது சாய வந்து சேர்ந்தோம். அப்பா வாசலில் நின்றார். வண்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"காலியாத்தான் வந்திருக்கு" என்றார்.

"ஆமாண்ணே. வித்தாச்சு."

அத்தை என் மடியிலிருந்த கயிறுகளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அப்பா குனிந்து ஒன்றை எடுத்தார். பட்டி வைத்துப் பிழைத்தவர், கழுத்தில் தேய்ந்த கயிறு அவருக்குத் தெரியும்.

"யாரு குடுத்தது?"

"வளத்தவுக."

அப்பா கயிற்றைக் கீழே வைத்தார். உள்ளே போனார். சுத்தியலும் ஆணியும் எடுத்து வந்தார். கொட்டகைச் சுவரில் ஒவ்வொரு ஆணியாக அடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு கயிற்றைத் தொங்கவிட்டார். சாமி படம் மாட்டுகிற மாதிரி நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார். சாக்கு மாற்றி ஏற்றியதை யாரும் கேட்கவில்லை, தப்பித்தோம் என்று நான் சோறு தின்னப் போனேன்.

ஒரு வாரம் கழித்து அதில் ஒன்றை எடுத்து ஸ்கிப்பிங் ஆடினேன். அன்றைக்குத்தான் அத்தை என்னை அடித்தாள்.

இப்போது அத்தைக்குச் சொந்தமாக மூன்று வண்டி. ஒன்றை நான் ஓட்டுகிறேன். எந்த ஊரில் எந்த ஆடு எத்தனை கிலோ என்று பொம்பளைகளே எடை போட்டுப் போனில் அனுப்புகிறார்கள். மீசைக்காரரும் தராசு வாங்கிவிட்டார். பழுது வந்தால் எங்களிடம்தான் கொண்டுவருகிறார். அத்தை பார்த்துக் கொடுக்கிறாள், டீயும் கொடுக்கிறாள்.

போன மாசம் நான் வளர்த்த ஆட்டை முதல் முறையாக விற்றேன். அத்தைக்கே விற்றேன். காசு வாங்கியதும் என் கை தானாகப் போய் அதன் கழுத்துக் கயிற்றை அவிழ்த்தது. இடுப்பில் செருகிக்கொண்டேன். அத்தைக்குக்கூட அதைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அது போனால் பட்டியே போய்விடும் என்று பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து கொட்டகைச் சுவரைப் பார்த்தேன். கயிறு நைந்திருக்கிறது. ஆணி துருப்பிடித்திருக்கிறது. எண்ணினேன்.

ஒன்பது.